பிள்ளையின் தோலும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்



யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் சரவணையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் தடித்துக் கறுத்து வெடித்திருக்கிறது. இரவில் "கடிக்குது அம்மா, கடிக்குது" என்று அழுது, சொறிந்து, விடியும்போது படுக்கை விரிப்பில் இரத்தப் பொட்டு. நண்டு, இறால், கணவாய், முட்டை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். பிள்ளைக்கு இப்போது சோறும் பருப்பும் புடலங்காயும்தான். எடை குறைந்துவிட்டது, கடி குறையவில்லை. "இன்னும் எதை நிறுத்தவேண்டும் என்று சொல்லுங்கோ" என்று கேட்கிறார். வயிற்றில் பிள்ளை இருந்தபோது தான் நண்டு தின்றதுதான் காரணமென்று வீட்டில் பேச்சு என்பதையும் எழுதியிருக்கிறார்.

அம்மா, நீங்கள் எதையும் நிறுத்தவேண்டாம். நீங்கள் தின்ற நண்டு இதற்குக் காரணமும் இல்லை. தீவுப்பகுதியில் பிள்ளை பெற்ற எத்தனையோ பெண்கள் இந்தப் பழியைச் சுமந்துகொண்டு இருக்கிறார்கள் என்பதால், இம்முறை என் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் ஆச்சிமார் கரப்பான் என்று சொன்னதை வைத்தியர்கள் எக்ஸிமா என்கிறார்கள். பிள்ளைகளுக்கு வரும் இந்த வகைக்கு அட்டோபிக் டெர்மடைடிஸ் என்று 1933இல் பெயர் வைத்தவர்கள் அமெரிக்க வைத்தியர்கள் இருவர். நெடுங்காலம் இதை இரத்தத்தின் கோளாறு, ஒவ்வாமையின் கோளாறு என்றுதான் மருத்துவமும் நினைத்தது. 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்ளீன் என்பவரின் குழு வேறொரு வாசலைத் திறந்தது. தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டி, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஃபிலக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு என்றும், அவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்றும் கண்டார்கள். எக்ஸிமா உள்ள எல்லோருக்கும் இந்தக் குறை இருப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. கிடுகு சரியாகச் செறியாத வேலிபோல, அவர்களின் தோல் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடுகிறது, வெளியிலிருக்கும் தூசையும் கிருமியையும் சவர்க்காரத்தையும் உள்ளே விடுகிறது. உள்ளே வந்ததை எதிர்த்து உடம்பு கிளம்பும்போதுதான் சிவப்பும் வீக்கமும் கடியும். சொறியச் சொறிய இடைவெளி பெரிதாகிறது, அதனால் கடியும் கூடுகிறது.

ஆகவே வாயால் உள்ளே போவதைவிடத் தோலின்மேல் படுவதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கிரந்திச் சாப்பாடு என்று நாங்கள் ஒதுக்கும் பட்டியலுக்கு நோயை உண்டாக்கும் வல்லமை இல்லை. சிறு குழந்தைகள் சிலருக்கு, குறிப்பாக எக்ஸிமா கடுமையாக உள்ளவர்களுக்கு, முட்டையோ பசுப்பாலோ வேறொன்றோ உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அது பெரும்பாலும் ஒளிந்து நடப்பதில்லை. சாப்பிட்ட சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணித்தியாலத்துக்குள், உதடு தடிக்கும், உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், வாந்தி வரும். அப்படி நடந்தால் வைத்தியரிடம் போங்கள். நடக்காத பிள்ளையிடமிருந்து சாப்பாட்டைப் பறிப்பதில் பயனில்லை, கேடுதான் உண்டு. லண்டனில் கிடியோன் லாக் என்ற வைத்தியரின் குழு, கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் முடிவை வெளியிட்டது. கைக்குழந்தைப் பருவத்திலேயே நிலக்கடலைச் சாப்பாடு கொடுத்துப் பழக்கிய பிள்ளைகளைவிட, விலக்கி வைத்த பிள்ளைகளுக்கே ஐந்து வயதில் நிலக்கடலை ஒவ்வாமை பல மடங்கு அதிகமாக இருந்தது. விலக்குவதே ஒவ்வாமையை வளர்க்கக்கூடும் என்பது இதிலிருந்து தெரிந்தது. கடலோரத்துப் பிள்ளைக்கு மீனும் முட்டையும் இல்லாவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? ஒன்றுமட்டும் கவனம். நெடுநாள் நிறுத்திவைத்த முட்டையையும் நண்டு, இறாலையும் திரும்பத் தொடங்கும்போது உங்கள் வைத்தியரைக் கேட்டு, ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள்.

இனி, தோலின்மேல் படுவதைப் பார்க்க நான் உங்களோடு கிணற்றடிக்கு வரவேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணக்கல்லின்மேல் இருப்பவை. மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பழைய கணக்கு. தீவுகளில் நிலம் ஒடுங்கியது, படை மெல்லியது. சோளகம் வீசத் தொடங்கி, மழையில்லாத மாதங்களில் இறைக்க இறைக்கக் கிணறு சவர்க்கிறது. வேலணைச் சாட்டிப் பக்கத்து மணற்பாங்கில் கிடைக்கும் நல்ல தண்ணீரை நம்பிச் சுற்றுவட்டார ஊர்கள் இருப்பதும், பவுசர் வரும் நாளுக்காக வாளிகள் வரிசையில் நிற்பதும் இதனால்தான். நன்னீர்க் கிணறு என்று நாங்கள் சொல்வதிலும் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. இது வன்னீர்.

வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நுரைக்காத சவர்க்காரம் எங்கே போகிறது என்று யாராவது யோசித்திருப்போமா? தண்ணீரில் உள்ள கல்சியம், சவர்க்காரத்தின் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காகிறது. வாளியின் உட்புறத்தில் சாம்பல் நிற வளையமாகப் படிவது அதுதான். அதே பிசுக்கு பிள்ளையின் தோலிலும் படிகிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போட்டு உரஞ்சுகிறோம், இன்னும் கொஞ்சம் படிகிறது. ஆரோக்கியமான தோல் சற்றே அமிலத் தன்மையுள்ளது, அதன் pH அளவு ஐந்துக்குக் கிட்ட. சவர்க்காரக் கட்டிகளோ ஒன்பது, பத்து என்ற காரத்தில் இருப்பவை. உடுப்புத் தோய்க்கும் கட்டியாலேயே பிள்ளையையும் குளிப்பாட்டி எடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கிருமி போகும், வேம்பு நல்லது என்று நம்பிக் காரமான கட்டிகளை வாங்கிப் பூசுகிறவர்களும் உண்டு. எக்ஸிமாத் தோலுக்கு இவை எல்லாமே அடி.

தண்ணீருக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்புண்டா என்பதை முறையாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம். அங்குள்ள ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் மிக வன்மையாக இருந்த பகுதிகளின் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கும், மென்மையாக இருந்த பகுதிகளில் பன்னிரண்டு பேருக்கும் அந்த ஒரு வருடத்தில் எக்ஸிமா இருந்தது. அப்படியென்றால் தண்ணீரை மென்மையாக்கினால் நோய் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். அதையும் அவர்கள் செய்து பார்த்தார்கள். எக்ஸிமா உள்ள 336 பிள்ளைகளைக் கொண்டு, ஒரு பகுதியினரின் வீட்டில் நீரை மென்மையாக்கும் இயந்திரம் பூட்டிப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். 2011இல் வெளியான முடிவு: இயந்திரம் பூட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான சுகம் எதுவும் இல்லை.

இந்த முடிவை நான் மனமாரக் கொண்டாடுகிறேன். ஏனென்றால் சரவணையில் இருக்கும் தாய் தண்ணீரை மாற்றமுடியாது. பெருந்தொகை கொடுத்து இயந்திரம் வாங்கும்படி அவரிடம் எவரும் சொல்லத் தேவையில்லை. பவுசரில் வந்த குடிநீரைக் குளிக்க ஊற்றவும் தேவையில்லை. பின்னாளில் ஷெஃபீல்டிலும் லண்டனிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து, வன்னீரில் கழுவும்போது கழுவுபொருளின் எச்சம் தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலூட்டுகிறது என்று 2018இல் காட்டினார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இதுதான்: கிணற்றை மாற்ற எங்களால் ஆகாது, சவர்க்காரத்தை மாற்ற ஆகும். குளித்து முடித்த பிறகு வரும் சில நிமிடங்களில் என்ன செய்கிறோம் என்பதையும் மாற்ற ஆகும்.

எப்படி என்று கேட்பீர்கள். பிள்ளையை ஒருநாளைக்கு ஒருமுறை, இளஞ்சூட்டிலோ கிணற்றின் குளிர்ச்சியிலோ, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டுங்கள். கொதிநீரும் வேண்டாம், நெடுநேரம் ஊறவும் வேண்டாம். வழக்கமான கட்டி வேண்டாம். மருந்துக்கடையில் எமல்சிஃபையிங் ஒயின்ட்மென்ட் என்று கேட்டால் வெள்ளைக் களிம்பு ஒன்று தருவார்கள். அதில் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்துத் தண்ணீரில் குழைத்து உடம்பில் தடவிக் கழுவினால் அழுக்குப் போகும், தோல் வறளாது. அக்குவஸ் கிறீம் என்பதையும் இப்படிக் கழுவத்தான் பயன்படுத்தவேண்டும். அதைப் பூசிவிட்டு அப்படியே விடுவது சில பிள்ளைகளுக்கு எரிவைத் தரலாம் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது. கிளினிக்கில் வாங்கிவந்து பூசி "எரியுது" என்று பிள்ளை அழுதால் அது அடம் இல்லை. பயற்றம்மா எங்கள் பழைய முறைதான், தோல் நன்றாக இருக்கும் காலத்தில் பிழையில்லை. வெடித்த தோலில் உரஞ்சாதீர்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் புண்ணில் அப்புவதையும் விடுங்கள். ஓட்டில் விழும் மாரி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கும் வீடென்றால், கடைசியில் ஒரு செம்பு மழைநீரால் வார்த்துவிடுவது நல்லது. மழைநீரில் சுண்ணாம்பு இல்லை.

பிறகு துவாயால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். தோலில் இன்னும் ஈரம் நிற்கும்போதே, பவுடரையும் உடுப்பையும் தேடுவதற்கு முன்னால், பூசுங்கள். வறண்டபின் பூசினால் பூட்டி வைப்பதற்கு உள்ளே ஈரம் இருக்காது. எதைப் பூசுவது என்பதில் வீடுகளில் பெரிய விவாதம் நடக்கும், விலை உயர்ந்ததுதான் நல்லதென்று ஏமாறுகிறவர்கள் பலர். பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 550 பிள்ளைகளிடம் லோஷன், கிறீம், ஜெல், ஒயின்ட்மென்ட் என்று நான்கு வகையையும் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில் எது பூசினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளை விரும்பிப் பூச விடுவதும் நீங்கள் தொடர்ந்து வாங்கக்கூடியதும் எதுவோ அதுவே உங்கள் மருந்து. வெள்ளை வஸ்லின் போதும். தேங்காயெண்ணெயும் உதவும். பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளுக்குப் பூசிப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெயைவிடச் சுத்தமான தேங்காயெண்ணெய் கூடுதலான சுகம் தந்தது. லண்டனிலும் பாரிஸிலும் இருந்து வரும் சொந்தங்கள் பிள்ளைக்குத் தேய்க்க என்று ஆசையாகக் கொண்டுவந்து தரும் ஒலிவ் எண்ணெயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது தோலின் மேலடுக்கைக் குலைக்கிறது என்று ஷெஃபீல்ட் ஆய்வு 2013இல் காட்டியிருக்கிறது.

அளவில்தான் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள். பொட்டு வைப்பதுபோல் தொட்டுப் பூசினால் பலனில்லை. உடம்பு முழுவதும் வறண்ட பிள்ளைக்குக் கிழமைக்கு 250 கிராமாவது வேண்டும், காலையும் மாலையும். தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் வேண்டும். மயிர் வளரும் திசையில் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். டப்பிக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். களிம்பு ஊறிய உடுப்பும் போர்வையும் சுலபமாகத் தீப்பிடிக்கும். குத்துவிளக்கு, கற்பூரம், மண்ணெண்ணெய் அடுப்பு ஆகியவற்றின் கிட்ட அந்தப் பிள்ளையை விடாதீர்கள்.

பூசிவந்தும் தோல் கொதித்துக் கிளம்பும் நாட்கள் வரும். கச்சான் காற்றில் புழுதி பறக்கும்போது சிலருக்கு, தை மாத வாடையில் தோல் வறளும்போது சிலருக்கு, வெக்கையில் வியர்த்து உப்பு ஊறும்போது பலருக்கு. அப்போது ஸ்டீரொய்ட் களிம்பு வேண்டும். இந்தச் சொல்லைக் கேட்டதும் தாய்மார் பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், பயமே இல்லாமல் மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கி முகத்தில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே பிள்ளைக்குத் தீங்கு.

ஹைட்ரோகோர்ட்டிசோன் பூச்சு 1952இல் தோல் நோயாளிகளிடம் முதன்முதலாகப் பலன் காட்டியபோது மருத்துவத்தில் அது பெரிய திருப்பம். சரியான வலுவில், சரியான இடத்தில், வைத்தியர் சொன்ன நாட்களுக்குப் பூசினால் அது தோலை மெல்லியதாக்குவதில்லை. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூபிலிருந்து பிதுக்கும் அளவு, விரல்களும் சேர்ந்த அவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புள்ள தோலுக்குப் போதும். 1991இல் இரண்டு பிரித்தானிய வைத்தியர்கள் வகுத்த கணக்கு இது, வைத்தியசாலைகளில் இன்றும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடி நிற்கும்வரை பூசி, வைத்தியர் சொன்னபடி நிறுத்துங்கள். பாதியில் பயந்து விட்டால் மூன்றாம் நாள் திரும்பக் கிளம்பும், "மருந்து வேலை செய்யவில்லை" என்று ஆகிவிடும்.

தப்பான பயன்பாட்டின் விலையை அயல்நாட்டில் பார்த்தோம். வலுவான ஸ்டீரொய்ட் கலந்த களிம்புகளை முகம் வெளுக்கவும் படைக்கும் சொறிக்கும் என்று மக்கள் தாங்களாகவே வாங்கிப் பூசி முகம் கெட்டதைப் பார்த்து, இந்திய அரசு 2018இல் பதினான்கு ஸ்டீரொய்ட் பூச்சுக்களை வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று கட்டுப்படுத்தியது. வட்டமாகப் பரவும் படையில் ஸ்டீரொய்டைப் பூசினால் கொஞ்ச நாள் அடங்கி, பிறகு பல மடங்கு பரவும். வீட்டில் எல்லோருக்கும் இரவில் கடித்து, விரல் இடுக்குகளில் பரு எழும்பினால் அது சிரங்கு. அதற்கு மருந்தும் வேறு, வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் பூசவேண்டும். எது எதுவென்று பார்த்துச் சொல்ல ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் வைத்தியசாலை உண்டு, பண்ணைப் பாலம் தாண்டினால் யாழ். போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக் உண்டு. கைதடிச் சித்த வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் பலர். எங்கே போனாலும் மற்ற இடத்தில் தந்த மருந்தை மறைக்காமல் காட்டுங்கள். பெயர் ஒட்டாத டப்பியில் யாரும் தருவதைப் பிள்ளையின் தோலில் வைக்காதீர்கள்.

கரப்பானைப் பூசி அடக்கினால் அது உள்ளே போய்த் தொய்வாக மாறும் என்ற பேச்சு எங்கள் ஊர்களில் பலமாக இருக்கிறது. எக்ஸிமா உள்ள பிள்ளைகளில் சிலருக்குப் பின்னாளில் தொய்வு வருவது உண்மை. பூசியதால் வருவதில்லை. இரண்டும் ஒரே உடல்வாகில் வருபவை, ஒன்று முன்னே வரும், மற்றது பின்னே வரும். இந்தப் பேச்சை நம்பிச் சொறிய விட்ட பிள்ளைகளின் இரவுகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளின் தோல் லண்டன் குழாய்நீரில் இருக்கிறது. அதுவும் சுண்ணாம்பு நிலத்தின் வன்னீர்தான். ரொறன்ரோவில் குளிர்காலத்து அறைச்சூடு ஈரத்தை உறிஞ்சிவிடும். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பாடநூல்களில் எக்ஸிமா என்றால் வெள்ளைத் தோலில் சிவந்த திட்டு. எங்கள் தோலில் அது பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சாம்பலாக, ஊதா கலந்த கபிலமாக, சில பிள்ளைகளுக்கு மயிர்க்காலுக்கு ஒரு சிறு முடிச்சாகத் தெரியும். அதனால் கடுமையான நோயைச் சாதாரணம் என்று வைத்தியர் எடைபோட்டுவிடக்கூடும். லண்டன் சென்ட் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரி மாணவர் மலோன் முகுவெண்டே, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்று 2020இல் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கைநூல் வெளியிட்டதே இந்தக் குறையைக் கண்டுதான். நிறத்தைப் பற்றி மட்டும் பேசவிடாமல், பிள்ளை எத்தனை இரவு நித்திரை கொள்ளவில்லை என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஆறியபின் கருந்தழும்போ வெளுத்த திட்டோ மாதக்கணக்கில் நிற்கும். வெளுத்த திட்டைக் கண்டு வெண்குட்டம் என்று பயந்து, பெண்பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி இப்போதே கவலைப்படும் வீடுகள் உண்டு. அது வெண்குட்டம் இல்லை. அழற்சி அடங்கினால் நிறம் மெல்ல மெல்லத் திரும்பும்.

ஒரு அவசரமான விஷயம். எக்ஸிமா உள்ள இடத்தில் திடீரென்று ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழுந்து, குழிபோல் உடைந்து, காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் அது வைரஸ் தொற்று. நெடுந்தீவோ நயினாதீவோ என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகப் பாருங்கள். தோல் சூடாகி, மஞ்சளாக நீர் வடிந்து பொருக்குக் கட்டினாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

தீவுகளின் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எக்ஸிமா ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அந்தப் பிள்ளையைத் தனி வாங்கில் இருத்தாதீர்கள், அருகில் இருக்கும் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். காற்று வரும் யன்னலோரத்தில் இடம் கொடுங்கள். புத்தகப் பையில் சிறு வஸ்லின் டப்பி இருந்தால் இடைவேளையில் பூச விடுங்கள். கணக்குப் பாடத்தில் கண் சொருகினால், இரவெல்லாம் சொறிந்துவிட்டு வந்த பிள்ளையா என்று ஒருமுறை கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்